தையல் மிஷினில் நடந்த வகுப்பு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேர் இருபத்தெட்டு நாள் ஓடைக்கரையில் நடந்தார்கள் என்று எங்கள் பள்ளியின் கணக்கில் இருந்தது. உண்மையில் நடந்தது என் கணவர். அதுவும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், தையல் மிஷினில்.

சொன்னால் சிரிப்பீர்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் அந்த மிஷின் பக்கத்தில் நின்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். இப்போது அதை நினைத்தால் காதுமடல் சுடுகிறது. "வெட்கமா இல்ல உனக்கு?" என்று பிள்ளைகளை நான் கேட்காத நாளே கிடையாது. அந்த வெட்கம் உடம்பில் எங்கே வந்து உட்காரும் என்பது எனக்கு நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

நான் விளையாட்டு ஆசிரியை. இதே பள்ளியில் பத்தொன்பது வருடம். என் குரலுக்காகப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் சைரன். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். பிடிக்காதது எங்கள் மைதானம். மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி சரளைக்கல், மீதி பள்ளம். முட்டி சிராய்க்காமல் ஒரு பிள்ளைகூட அங்கே ஒரு வருடத்தைக் கடந்ததில்லை. அதைச் சமப்படுத்தித் தரச் சொல்லி நான் எழுதிய மனுக்களை அடுக்கி வைத்தால் அதன்மேல் உயரம் தாண்டப் பழக்கலாம்.

அப்படி இருக்கும்போதுதான் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. 'நட, பார், பதி' என்று பெயர். பிள்ளைக்கு ஒரு ரப்பர் கைப்பட்டை. நடந்தால் அது அடிகளை எண்ணும். பள்ளிக்கு ஒரு டேப்லெட். நடந்து வந்ததும் பட்டைகளை அதன் பக்கத்தில் வைத்தால் எண்கள் தானாக ஏறிவிடும். எந்தப் பாதை, காலையா மாலையா என்று நாம் குறிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் டேப்லெட் ஒரு கேள்வி கேட்கும்: வழியில் என்ன பார்த்தாய்? கீழே பறவை, செடி, குப்பை, தண்ணீரில் மாற்றம் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் 'ஒன்றும் இல்லை' என்று ஒரு கட்டம். பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி ஆச்சு, அலுவலகத்துக்கு ஊரின் மரத்தையும் தண்ணீரையும் பார்க்க நூறு ஜோடிக் கண் ஆச்சு. யோசித்தவர் கெட்டிக்காரர்தான். முதலிடம் வரும் பள்ளிக்கு மைதானம் சீரமைத்துத் தருவோம் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன்.

முதல் இரண்டு வாரம் உண்மையாகவே நடந்தோம். காலை முதல் பீரியட் எனக்கு. பள்ளியின் பின்வாசல் வழியாக இறங்கினால் ஓடைக்கரைப் பாதை. முப்பத்தேழு பேரும் கையில் பட்டையோடு கத்திக்கொண்டு வருவார்கள். ஒரு களைச்செடிக்கு என்ன பெயர் என்று இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மீன்கொத்தியைப் பார்த்த அன்று அதைப் பதிய நாலு பேர் டேப்லெட்டைப் பிய்த்து எடுத்தார்கள். வகுப்பில் வாயே திறக்காததுகள்கூட "டீச்சர், இங்க பாருங்க" என்று கூப்பிட்டதுகள். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி எனக்கு எந்த வெட்கமும் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் எப்போதும் கடைசியில் வருவாள். நோஞ்சான் இல்லை, சோம்பேறியும் இல்லை. நாலடிக்கு ஒருமுறை நின்றுவிடுவாள். குனிந்து பார்ப்பாள், நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு ஏதோ கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு நடப்பாள். எனக்குப் பொறுமை கிடையாது. "ஏ பொடிநடை! ஓடை எங்கயும் ஓடிப் போயிடாது, நீ வா!" என்று ஒரு நாள் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் பொடிநடை.

மூன்றாவது வாரத்தில் கணக்கு சார் வந்தார். விளையாட்டுப் பீரியடைப் பிடுங்க வரும் ஆசிரியர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு. அதைச் சிரித்தார்.

"ஒரு மாசம் மட்டும் மேடம். போர்ஷன் முடியவே இல்ல. உங்க பீரியட் எனக்குக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

"சார், இது வெறும் விளையாட்டு இல்ல. திட்டம் நடக்குது."

"நடக்கட்டும் மேடம். சாயங்காலம் நடக்கட்டுமே. காத்தாட இருக்கும்."

தலைமையாசிரியையிடம் போனேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சாயங்காலம் பாத்துக்கோங்க. பரீட்சை முக்கியமில்லையா?" என்றார். நான் சண்டைக்காரி. பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போடுவேன், சந்தையில் சொத்தைக் கத்திரிக்காய்க்குச் சண்டை போடுவேன். அன்றைக்கு என்னவோ பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி மேடம், சாயங்காலம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் பாதிப் பிள்ளைகள் நாலு மணி வேனில் ஏறிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கைப்பட்டைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முப்பத்தாறுதான் இருந்தது. பொடிநடைக்கு அன்று காய்ச்சல். அவள் பட்டை அவள் கையிலேயே இருந்துவிட்டது.

என் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடைகள் தைக்கும் மாதம் அது. மனிதர் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழமாட்டார். நான் பையை வீசிவிட்டுக் கணக்கு சாரின் வம்சத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் உம் கொட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். திட்டத் திட்ட என் கண் அவர் காலுக்குப் போயிற்று. மிஷினின் மிதி மேலும் கீழும் போய் வந்தது. ஒரு சீரான நடை.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க."

ஒரு பட்டையை எடுத்து மிதியின் ஓரத்தில் கட்டினேன். "இப்ப தைங்க."

ஒரு தையல் முழுதாக முடிந்தபோது அறுபத்திரண்டு அடிகள். அவர் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். அளவெடுக்கும் மரக்கோலைத் துணிக்கிழிசலால் மிதியில் கட்டி, அதில் முப்பத்தாறு பட்டையையும் வரிசையாக மாட்டினோம். கோலில் அதற்குமேல் ஒன்றுக்குக்கூட இடமில்லை.

"இன்னைக்கு என்ன, கால்சட்டையா?" என்று கேட்பேன்.

"ஆமா. உன் பிள்ளைங்க நல்லா நடக்கும் இன்னைக்கு."

கால்சட்டைக்கு நீளத் தையல். ஆறாயிரம் அடிகூடப் போகும். காலர் தைக்கும் நாளில் வகுப்பே சோம்பேறியாகிவிடும். எல்லோருக்கும் ஒரே எண் வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று பத்துப் பட்டைகளை மதியத்தோடு அவர் கழற்றிவிடுவார், அவர்கள் களைத்துப்போனவர்கள். ஒரு நாள் அவருக்குப் பல்வலி, மிஷினைத் தொடவில்லை. அன்று டேப்லெட்டில் எல்லோர் பெயரிலும் 'மழை' என்று போட்டேன். ஊரில் ஒரு சொட்டு விழவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எண்களை ஏற்றுவேன். பாதை: ஓடைக்கரை. நேரம் என்ற இடத்தில் பழையபடி 'காலை' என்றே விட்டுவிட்டேன். பிறகு அந்தக் கேள்வி முப்பத்தாறு தடவை வரும், வழியில் என்ன பார்த்தாய் என்று. பறவை என்று பொய் சொல்ல மனசு வரவில்லை. அதுவரைக்கும் எனக்கு ஒரு யோக்கியம் இருந்ததாக நினைப்பு. 'ஒன்றும் இல்லை'யை அழுத்துவேன். குழம்பு கொதிக்கும் நேரத்துக்குள் முப்பத்தாறு தடவை அழுத்தி முடித்துவிடுவேன்.

பொடிநடை காய்ச்சல் தேறி வந்ததும் என்னைத் தேடி வந்தாள்.

"டீச்சர், நான் வீட்டுலேந்து வர்ற வழியே ஓடைக்கரைதான். பட்டையக் கட்டிக்கிட்டே வரட்டுமா? அம்மா போன வீட்டுலயே வெச்சுட்டுத்தான் வேலைக்குப் போவாங்க, அதுலேந்து பதிஞ்சிடறேன்."

மற்றவர்களுடைய பட்டை எங்கே என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. கோலில் இடமில்லாத ஒரு பட்டை தன்னால் நடந்து வந்தால் நல்லதுதானே என்று, "செய், செய்" என்று கையை ஆட்டினேன்.

வாரம் ஒருமுறை வகுப்புச் சுவரில் பட்டியல் ஒட்டுவேன். முதல் முப்பத்தாறு இடமும் என் கணவருடையது. முப்பத்தேழாவது அவள், நாளுக்கு இரண்டாயிரத்து நானூறு அடி. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் தூரம் அவ்வளவுதான். இரண்டாவது பட்டியல் ஒட்டிய அன்று நான் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். அவள் எண்ணால் நம் சராசரி இறங்குகிறது, பக்கத்துப் பள்ளி நம்மைத் தாண்டப் போகிறது என்ற எரிச்சல்.

"எல்லாரும் எவ்வளவு நடந்திருக்காங்க, நீ எவ்வளவு நடந்திருக்க? உன் ஒருத்தியால நம்ம கிரவுண்டு போகணுமா? வெட்கமா இல்ல?"

வழக்கமாக நான் ஒருத்தரைத் திட்டினால் மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பத்தாறு பேரும் மேசையைப் பார்த்தார்கள். பரவாயில்லையே, பயம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள், "நாளைக்கு ரெண்டு தடவை நடக்கறேன் டீச்சர்" என்றாள். மறுநாள் நாலாயிரத்து எண்ணூறு இருந்தது. ஓடைக்கரையில் வந்து, பாதி தூரம் திரும்பிப் போய், மறுபடி வந்திருக்கிறாள். வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம் என்று கணக்கு சார் வெளியே நிற்க வைத்தார். பிறகு பழைய எண்ணுக்கே இறங்கிவிட்டாள்.

அவள் பதிவுகளும் பள்ளியின் பக்கத்தில் வரும். நான் மேலோட்டமாகப் பார்ப்பேன். தண்ணீரில் மாற்றம்: வெள்ளை நுரை. தண்ணீரில் மாற்றம்: நுரை, கண் எரிந்தது. செத்த மீன், ஒன்பது. நீல நிறம். நுரை முழங்கால் உயரம். எண் குறைவுக்கு ஈடுகட்ட கதை விடுகிறாள் என்று நினைத்தேன். கூடப் படமும் அனுப்பினாள். அவள் அம்மாவின் போனில் கேமரா கண்ணாடி விரிசல். எல்லாப் படமும் புகைமூட்டமாக இருக்கும்.

இருபத்தாறாவது நாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முதலிடத்தில் இருக்கிறீர்கள், பாராட்டு என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில், ஓடைக்கரைப் பாதையில் தினமும் முப்பத்தேழு மாணவர்கள் காலை நேரத்தில் நடந்திருக்கிறார்கள், முப்பத்தாறு பேர் ஒன்றும் இல்லை என்று பதிந்திருக்க ஒரு மாணவி மட்டும் இருபத்தொரு முறை நுரை, செத்த மீன் என்று பதிந்திருக்கிறார், எங்கள் அலுவலர் ஒருமுறை நண்பகலில் போய்ப் பார்த்தபோது தண்ணீர் தெளிவாகவே இருந்தது, படங்களில் தெரிவது கேமரா கண்ணாடியின் கோளாறு, ஆகவே இவை விளையாட்டுத்தனமான பதிவுகள் என்று நீக்கப்படுகின்றன, மாணவியைக் கண்டித்து எழுத்து மூலம் பதில் அனுப்பவும் என்று இருந்தது.

தலைமையாசிரியை அறைக்கு அவளையும் அம்மாவையும் கூப்பிட்டார்கள். அம்மா பேருந்துப் பணிமனையில் பேருந்து கழுவுகிறவர். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். சேலையின் கீழ்ப்பகுதி ஈரம். நாற்காலியை ஈரமாக்கிவிடுவோமோ என்று உட்காராமலே நின்றார்.

"ஏம்மா, முப்பத்தாறு பேர் கண்ணுல படாதது உன் கண்ணுல மட்டும் எப்படிப் பட்டுச்சு?" என்றார் தலைமையாசிரியை.

"இருந்துச்சு மேடம்."

"அப்ப அவங்க எல்லாரும் பொய் சொல்றாங்களா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா மேடம்" என்றார் அம்மா. "நான் விடியறதுக்கு முந்தியே பணிமனைக்குப் போயிடறேன், என் கண்ணால பாக்கல. ஆனா இவ இல்லாதத எழுத மாட்டா."

"நீங்க சொல்லுங்க" என்று தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "உங்க வகுப்பு. என்ன நடந்திருக்கும்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அது இன்னொரு பொய். என் வாய்க்கு வந்தது மைதானம், இத்தனை வருட வேலை, ஊர் சிரிக்கும் என்ற பயம். "பசங்க... விளையாட்டுத்தனமா எதையாவது போட்டுருக்கும் மேடம். இனிமே செய்ய மாட்டா" என்றேன். அவளுக்குச் சலுகை வாங்கிக் கொடுப்பதுபோல ஒரு குரலில் சொன்னேன். அந்தக் குரல் என் தொண்டையிலிருந்துதான் வந்தது.

'நான் பதிந்தவை உண்மையல்ல, மன்னிக்கவும்' என்று தலைமையாசிரியை சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அம்மா அவள் தோளில் கை வைத்து அழைத்துப் போனார். வாசலில் திரும்பி என்னைக் கும்பிட்டு, "டீச்சர், அவள அடிச்சுடாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கள்கிழமை அவள் பதிவு வந்தது. அடிகள் இரண்டாயிரத்து நானூறு. வழியில் என்ன பார்த்தாய்? ஒன்றும் இல்லை. செவ்வாயும் அதேதான்.  இருபத்தொரு நாள் எழுதியவள் இரண்டே நாளில் என்னைப்போல அழுத்தக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஓடைக்கரைக்குப் போனேன். நாலு வாரத்துக்கு மேல் ஆகிறது நான் அங்கே கால் வைத்து. பாலத்துக்கு வரும்போதே கண் எரிந்தது. நாங்கள் நடந்த இரண்டு வாரத்தில் இது இருந்ததில்லை. மேல்பக்கத்தில் சாயக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து வரும் வளைவில் நுரை, மெத்தை மெத்தையாக, கரைப்புல்லை மூடிக்கொண்டு. பாலத்தூணில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கியிருந்தன. பார்த்தவர் எவரும் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டார், கண்ணில்லாதவர்கூட மூக்கால் சொல்லிவிடுவார்.

அப்போது அவள் எதிர்க்கரையில் வந்தாள். நான் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஒரு ஆசிரியை தன் மாணவியைப் பார்த்து ஒளிகிறாள், அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவள் வழக்கம்போல நின்றாள். குனிந்து மீன்களை எண்ணினாள், விரலை நீட்டி ஒவ்வொன்றாக. எண்ணி முடித்துத் தலையாட்டினாள். பிறகு போனை எடுத்து ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு உள்ளே வைத்துக்கொண்டு நடந்தாள். அன்றும் 'ஒன்றும் இல்லை' என்றே வந்திருந்தது. 

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளையைப் பற்றி, அவள் கையெழுத்துப் போட்டதுகூட, அவருக்கு அதுவரை தெரியாது. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"மைதானத்துக்குன்னுதானே சொன்ன?"

"ஆமா."

"ஒரு பொண்ணப் பொய்க்காரியாக்கறதுக்கா நான் இத்தன நாள் மிதிச்சேன்?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். பிறகு கீழே உட்கார்ந்து அந்தக் கிழிசல் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுகிப் போயிருந்தது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை. நகத்தாலேயே ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அந்த நேரம் முழுக்க நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். மிஷின், மரக்கோல், பல்வலி வரை சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நாலு மணி வேன்ல ஏறிப் போற பிள்ளைங்க எப்ப நடந்துச்சாம்?"

அவர் மறுபடி நோட்டைத் திறந்தார்.

"விடுங்க மேடம். பதில் அனுப்பியாச்சு. அடுத்த மாசம் மைதானத்துக்கு ஆள் வரப் போறாங்க. இப்பப் போயி கிளறினா உங்க வேலையும் போகும், பள்ளிக்கூடத்து மானமும் கப்பலேறும். அந்தப் பொண்ணு சின்னது, மறந்துடும்."

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மைதானம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது, அதுவும் நிஜம். சமமான தரை, வெள்ளைக்கோடு, முட்டி சிராய்க்காத பிள்ளைகள். பிறகு அந்தத் தரையில் முப்பத்தேழு பேரையும் ஓடவிட்டு நான் விசில் ஊதுவதை நினைத்துப் பார்த்தேன். அவளும் அதில் ஓடுவாள். நான் அவளைப் பார்த்து எந்த வாயால் 'ஓடு' என்பேன்?

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் எட்டாம் வகுப்புக்குள் போனேன். கணக்கு சார் பலகையில் ஏதோ சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். "சார், அஞ்சு நிமிஷம்" என்றேன். என் முகத்தைப் பார்த்து அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்குக் குரல் ஒரு நாளும் காலை வாரியதில்லை. அன்று வாரியது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சுவரில் ஒட்டிய பட்டியல் பொய் என்றேன். நீங்கள் யாரும் நடக்கவில்லை, நான்தான் பொய்யாக ஏற்றினேன், நுரை இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன், உண்மையாக நடந்தவள் ஒருத்திதான், அவளை நான் உங்கள் முன்னால் நிற்கவைத்துத் திட்டினேன், தலைமையாசிரியை முன்னால் பொய்க்காரி ஆக்கினேன் என்றேன். "என்ன மன்னிச்சிடும்மா" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் பாதி சுவரிலேயே நின்றுவிட்டது.

வகுப்பில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை முதலில் தாக்கியது. நான் பெரிய ரகசியத்தை உடைக்கிறேன் என்று போனால், முப்பத்தாறு முகத்திலும் ஏற்கனவே தெரிந்த சேதியைக் கேட்கும் களை. தெரியாமல் எப்படி இருக்கும்? முதல் பீரியட் முழுக்கக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தவை அதுகள்தானே? தாங்கள் நடக்காத தூரத்தைச் சுவரில் வாரா வாரம் படித்தவை அதுகள்தானே? நான் அவளைத் திட்டிய அன்று மேசையைப் பார்த்துக் குனிந்தது எனக்குப் பயந்து அல்ல. என்னைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. சுற்றுச்சூழல் பாடமும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுக்கப் போய் நான் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அன்று மதியம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பொய்ப் பதிவுகளை நீக்கினேன். மொத்தமாக நீக்க வழியில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, காரணம் எழுதி, நீக்க வேண்டும். முப்பத்தாறு பேர், இருபத்தெட்டு நாள். கணக்கு சார் வாயிலேயே பெருக்கிப் பார்த்து, "ஆயிரத்தெட்டு மேடம்" என்றார். பேச்சுக்குச் சொல்லும் ஆயிரத்தெட்டு இல்லை, அசல் ஆயிரத்தெட்டு. ஒவ்வொன்றிலும் 'பொய்யாகப் பதிந்தது விளையாட்டு ஆசிரியை' என்று எழுதினேன். முந்நூறு தாண்டியதும் கணக்கு சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, "தள்ளுங்க, நான் கொஞ்சம் அடிக்கறேன்" என்றார். பீரியடைப் பிடுங்கியவர் என்ற கோபம் அப்போதும் எனக்குப் போகவில்லை. ஆனாலும் தள்ளி இடம் கொடுத்தேன்.

பிறகு நடந்ததை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்தது, விசாரணை இன்னும் முடியவில்லை. முதலிடம் பக்கத்துப் பள்ளிக்குப் போனது, மைதானமும் அவர்களுக்கே. தலைமையாசிரியை என்னோடு பேசுவதில்லை. அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் காலை ஏழு மணிக்கே வந்து, நுரைக்குள் கையுறை போட்ட கையை விட்டு, பாட்டில்களில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். எந்த இடத்தில் எந்த நாள் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது தெரிந்தவள் ஒருத்திதான்.

அவளைக் கேட்கப் பணிமனைக்குப் போனேன். அம்மா ஒரு பேருந்தின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதை எல்லாம் கேட்டார். குழாயை மூடவில்லை.

"அன்னைக்கு நான் உங்களக் கும்பிட்டுட்டுப் போனேன் டீச்சர்" என்றார். "நீங்க எம் பொண்ணுக்காகப் பேசுனீங்கன்னு நெனச்சுக்கிட்டு." பிறகு, "அவ அந்தாண்ட எழுதிக்கிட்டிருக்கா. அவளையே கேளுங்க. வரணும்னு நான் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவள் ஓய்வறை பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன். அலுவலகத்துக்காரர்கள் கேட்பதைச் சொன்னேன். "வரேன் டீச்சர்" என்று உடனே சொல்லிவிட்டாள். தேதி வாரியாக எல்லாம் நோட்டில் இருக்கிறதாம், போனில் அழித்தாலும் நோட்டில் அழிக்கவில்லையாம். கடைசி மூன்று நாள்கூட, எத்தனை மீன் என்று எழுதி வைத்திருந்தாள்.

நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் வகுப்பில் பேசியதிலிருந்து ஒன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. முப்பத்தாறு பேருக்கும் தெரியும் என்றால் அவளுக்கும் தெரியும்தானே. அதே வகுப்பில், அதே கணக்குப் பாடத்தில் அவளும்தானே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அன்னைக்கு ஹெச்.எம். ரூம்ல நீ சொல்லியிருக்கலாமே, மத்தவங்க யாரும் நடக்கவே இல்லைன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?"

அவள் பேனா மூடியைத் திருகி மாட்டினாள். கோபமே இல்லை அவள் முகத்தில். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"கையெழுத்துப் போடற வரைக்கும், நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் டீச்சர்."